ஆறாம் தரத்துப் பிள்ளைக்கு எவ்வளவு ஆங்கிலம் வரும்? மலையகப் பாடசாலை ஆசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதலாம் தவணையின் முதல் வாரம். ஆறாம் தரத்தில் 38 பிள்ளைகள். ஐந்தாம் தரம் வரைக்கும் மட்டுமே உள்ள நான்கு தோட்டப் பாடசாலைகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து (மேட்டுப் பிரிவிலிருந்து) நடந்து வந்தவர்களின் சப்பாத்து இன்னும் காயவில்லை. மேசையில் அவர்களுடைய பழைய தேர்ச்சி அறிக்கைகள் கிடக்கின்றன. ஆங்கிலம் 71, 58, 35, 22. பெரும்பாலும் இந்த எண்களை நம்பித்தான் நாம் வருடத்தைத் தொடங்குகிறோம்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு வருடம், 71 புள்ளி எடுத்திருந்த பிள்ளையிடம் பாடநூலில் இல்லாத ஒரு சின்ன வாக்கியத்தை எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவளால் முடியவில்லை. பழைய பாடநூலில் எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். அந்த ஞாபகசக்திதான் 71 வாங்கித் தந்தது. 22 எடுத்திருந்த பையனோ, கதவைத் திற என்று நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்குமுன் எழுந்துபோய்த் திறந்துவிட்டான். அவனுக்கு எழுதத்தான் வராது. அதுவும் ஆங்கிலத்தில் மட்டுமல்ல, தமிழிலும் வராது. இருவரையும் ஒரே வினாத்தாள் அளந்திருந்தது. அது சொன்ன இரண்டு எண்ணுமே எனக்கு உதவவில்லை.

இந்த வழிகாட்டி அந்த முதல் மூன்று வாரங்களுக்கானது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று எங்கே கற்பித்தாலும், போட்டோக்கொப்பி இயந்திரம் இல்லாத பாடசாலையிலும், செய்து பார்க்கக்கூடிய வேலைகளை மட்டுமே எழுதியிருக்கிறேன்.

வெளிநாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்

அமெரிக்காவில் ஒரு பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போதே வீட்டுமொழி பற்றி ஒரு சின்னப் படிவம் கொடுப்பார்கள். பிள்ளை முதலில் பேசக் கற்ற மொழி எது, இப்போது அதிகம் பேசுவது எது, வீட்டில் பெரியவர்கள் பேசுவது எது என்று கேட்பது வழக்கம். வேறு மொழி இருக்கிறது என்று தெரிந்தால், கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கிலும் ஒரு தொடக்கத் தேர்வு வைக்கிறார்கள். ஆங்கிலம் கற்கும் மாணவர் என்று முடிவானால், கல்வியாண்டு தொடங்கி 30 நாட்களுக்குள் பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு வருடமும் தேர்வு. தேறி வெளியே போன பிறகும் குறைந்தது 2 வருடம் அந்தப் பிள்ளையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தப் பொறுப்பு எளிதில் வந்ததல்ல. சான் பிரான்சிஸ்கோவில் சீன மொழி பேசும் பிள்ளைகள், ஒன்றும் விளங்காத ஆங்கில வகுப்பில் சும்மா உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் சார்பில் நடந்த லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில் 1974ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எல்லோருக்கும் ஒரே புத்தகமும் ஒரே ஆசிரியரும் கொடுத்துவிட்டால் மட்டும் சமமான கல்வி கொடுத்ததாகாது என்பதே அதன் சாரம். இங்கிலாந்தில் 2016ல் ஏ முதல் ஈ வரை ஐந்து நிலை கொண்ட ஓர் அளவுகோலைக் கொண்டு வந்தார்கள். அதற்குத் தனியாகப் பரீட்சை எதுவும் இல்லை. ஆசிரியர் கவனித்து, பொருத்தமான நிலையைத் தீர்மானிப்பார். 2018ல் அந்தத் தரவைக் கேட்டுவாங்குவதை அரசு நிறுத்திவிட்டது. ஆனால் அந்த அணுகுமுறை நமக்குப் பிடித்தமானது. காசு செலவாகாது.

நம் நிலைமை அவர்களுடையதல்ல. அங்கே முப்பது பேரில் ஐந்து பேர் ஆங்கிலம் கற்பவர்கள் என்றால், அந்த ஐந்து பேரைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. நம் வகுப்பில் 38 பேருமே கற்பவர்கள். வாசலைத் தாண்டினால் தமிழ், டவுனுக்கு இறங்கினால் சிங்களமும் தமிழும். ஆங்கிலம் பாடவேளைக்குள் மட்டும்தான். வாரத்துக்கு ஐந்து பாடவேளை, ஒன்று 40 நிமிடம் என்று வைத்தாலும் 200 நிமிடம். ஆகவே நாம் கண்டுபிடிக்க வேண்டியது இரண்டு: ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கிறது? படி ஏறாமல் நிற்பதற்கு ஆங்கிலம்தான் காரணமா, வேறு ஏதாவதா?

முதல் வேலை: வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்வது

படிவம் கொடுத்து அனுப்பாதீர்கள். அம்மா கொழுந்தெடுக்கப் போய்விட்டு மாலையில் வருவார்; அந்தத் தாள் பையிலேயே கசங்கிக் கிடக்கும், அல்லது பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அக்கா நிரப்பிக் கொடுப்பார். பிள்ளையிடமே பேசிக் கேட்டு நீங்கள் எழுதுவது நல்லது. பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ வரும்போது சரிபார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள்? யார் என்ன மொழி பேசுவார்கள்? ஆயாவிடம் வளர்கிறதா? அம்மா வெளிநாட்டில் வேலை செய்கிறாரா? பாலர் பாடசாலைக்குப் போயிருக்கிறதா? இடையில் எத்தனை மாதம் பாடசாலைக்கு வராமல் இருந்திருக்கிறது? கொப்பியைப் பார்த்து உதவி செய்ய வீட்டில் ஒருவராவது இருக்கிறாரா? இவ்வளவு போதும். இதில் நான் மிகவும் முக்கியமாக நினைப்பது வராமல் இருந்த மாதங்களைத்தான். மூன்றாம் தரத்தில் பாடநூலோடு ஆங்கிலம் தொடங்குகிற நேரத்தில் அரை வருடம் தவறவிட்ட பிள்ளைக்கு எழுத்துகளே பிடிபட்டிருக்காது. அதற்குப் பிறகு வந்த எல்லாப் பாடமும் அந்த ஓட்டையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கும்.

கொழும்பில் அப்பா கடையில் வேலை செய்ததால் அங்கே இரண்டு வருடம் படித்துவிட்டுத் திரும்பி வந்த பிள்ளைகளும் இருப்பார்கள். சிங்களம் சரளமாகப் பேசுவார்கள், தமிழ் எழுத்து தடுமாறும். இவர்களைக் கெட்டிக்காரர்கள் என்றோ மக்கு என்றோ அவசரப்பட்டு முடிவு கட்டிவிடுவது நம் வழக்கம். மூன்று மொழிக்கும் நடுவில் நிற்கிற பிள்ளை அது. அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு பொறுத்துப் பாருங்கள்.

ஒன்றில் கவனமாக இருங்கள். ‘எங்களுக்கு இங்கிலீஸ் தெரியாது சேர்’ என்று சொன்னால் பிள்ளையைப் பின்வாங்கில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் பெற்றோருக்கு இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைக் கேள்விக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது வேலை: ஆங்கிலத்துக்கு முன் தமிழைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

பிள்ளை வாசித்திராத ஒரு தமிழ்ப் பந்தியை, நான்காம் தரத்து அளவில், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஏழெட்டு வரி போதும். ஒவ்வொருவராக அழைத்து ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் அதிலிருந்து இரண்டு கேள்வி கேளுங்கள். சரளமாக வாசித்துப் பதிலும் சொன்னால், அந்தப் பிள்ளைக்கு வாசிப்பு என்றால் என்ன என்பது தெரியும். அதனிடம் இல்லாதது ஆங்கிலம் மட்டும்தான். எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்து, முடிவில் என்ன வாசித்தோம் என்றே தெரியாமல் விழித்தால், ஆங்கிலப் பாடநூலை எத்தனை தடவை திருப்பிப் படிப்பித்தும் பிரயோசனம் குறைவு. முதலில் வாசிப்பைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அது தமிழாசிரியரும் நீங்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

மொழி தெரியாததையும் கற்றல் இடர்ப்பாட்டையும் ஒன்றாகக் குழப்புவதால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவில் ஒரு கசப்பான அனுபவம் உண்டு. ஸ்பானிய மொழி பேசும் வீடுகளிலிருந்து வந்த ஒன்பது பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் நுண்ணறிவுத் தேர்வு வைத்து, மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று தனி வகுப்பில் போட்டுவிட்டார்கள். 1970ல் டயானா வழக்கு என்று அது நீதிமன்றத்துக்குப் போனது. பிள்ளையின் சொந்த மொழியில் சோதிக்காமல் அப்படி முடிவெடுக்கக் கூடாது என்பது அதன் பிறகுதான் அங்கே நிலைபெற்றது. நம்மிடம் தனி வகுப்பு இல்லாமல் இருக்கலாம். கடைசி வாங்கு இருக்கிறதே.

கண்ணையும் காதையும் இதே வாரத்தில் பார்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் பனிமூட்டம் இறங்கினால் வகுப்புக்குள் பகலிலேயே இருட்டு. பின்னால் இருக்கும் பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதினால் அதைக் களவு என்று நினைக்க வேண்டாம். கண் தெரியாமல் இருக்கலாம். முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்து அதே வரியை எழுதச் சொல்லுங்கள். பிழை குறைந்தால் உங்களுக்கே விளங்கும். காதுக்கு, பிள்ளையின் பின்னால் நின்று மெல்லிய குரலில் தமிழில் ஏதாவது சொல்லிப் பாருங்கள். சந்தேகமான பெயர்களை எழுதி வைத்து, மருத்துவப் பரிசோதனைக்கு வருபவர்களிடம் கொடுங்கள். அதிபருக்கும் ஒரு பிரதி.

மூன்றாவது வேலை: ஆளுக்கு ஐந்து நிமிடம்

38 பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 190 நிமிடம். ஒரு வாரத்துப் பாடவேளைக்குள் முடிந்துவிடும். மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் கேள்வி. அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்: தாளின் மேல்பாதியில் தங்கள் வீட்டையும் சுற்றுப்புறத்தையும் வரைய வேண்டும், கீழே அதைப் பற்றித் தெரிந்த ஆங்கிலச் சொல், வாக்கியம் எதுவானாலும் எழுத வேண்டும். பிழையானாலும் பரவாயில்லை, பக்கத்தில் பார்க்கக் கூடாது. அந்தத் தாளே உங்களுக்கு எழுத்துச் சோதனையாகவும் ஆகிவிடும்.

நேர்காணலுக்கு மேசையை ஜன்னலோரம் போடுங்கள். முதல் கேள்வி தமிழில் இருக்கட்டும். ‘எந்த டிவிசன்? எத்தனை மணிக்கு எழும்பினாய்?’ அந்த அரை நிமிடத்தில் பயம் பாதி இறங்கிவிடும்.

அடுத்து நான் ஒரு சின்ன விளையாட்டுச் செய்வேன். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலச் சொற்களைச் சொல்லச் சொல்வேன். முதலில் ‘ஒன்றும் தெரியாது டீச்சர்’ என்பார்கள். லயன், டிவிசன், செக்ரோல், ஸ்டோர், லொறி, பெக்டரி என்று நான் எடுத்துக் கொடுத்தால் கண் விரியும். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்துப் பெரட்டும் ஆங்கிலத்தின் பரேட்தான், நம் நாக்கில் தேய்ந்துபோனது. (அறையைச் சொல்லும் காம்பராவும் முன்திண்ணையைச் சொல்லும் இஸ்தோப்பும் அப்படியல்ல. முன்னது போர்த்துக்கேயம், பின்னது ஒல்லாந்தம். ஒரு பையன் இதைக் கேட்டுவிட்டு, ‘அப்ப எங்க லயத்துல நாலு பாஷை இருக்கா’ என்றான்.) இதற்குப் புள்ளி கிடையாது. ஆங்கிலம் ஏற்கெனவே தன் வாயில் கொஞ்சம் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை அடுத்த நான்கு நிமிடமும் வாயைத் திறக்கும்.

கேட்டல். ஆறு கட்டளை போதும், எளியதிலிருந்து கடினத்துக்கு. எழுந்து நில், ஜன்னலைத் தொடு, சிவப்புப் பென்சிலைப் புத்தகத்தின் கீழே வை என்று போகலாம். ஆங்கிலத்தில், சாதாரண வேகத்தில், இரண்டு தடவை சொல்லுங்கள். கையால் காட்டாதீர்கள், கண்ணாலும் காட்டாதீர்கள். நாம் அறியாமலே ஜன்னல் பக்கம் பார்த்துவிடுவோம், பிள்ளை நம் கண்ணைப் பார்த்து எழுந்து போகும். தகரக் கூரையில் மழை பெய்கிற நேரத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம். அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்காது. மழைக்காலத்தில் மத்தியானத்துக்குப் பிறகு பெரும்பாலும் கொட்டும். ஆகவே காலையில் முதல் இரண்டு பாடவேளைக்குள் முடித்துவிடுங்கள்.

பேசுதல். பெயர், வயது, வீட்டில் எத்தனை பேர் என்று மனப்பாடமாக வரும் கேள்விகளோடு நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. ‘மை நேம் இஸ்’ எல்லோருக்கும் வரும். ஒரு படத்தைக் காட்டுங்கள், அல்லது ஜன்னலுக்கு வெளியே காட்டி என்ன தெரிகிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இது எங்களுக்கு மிகவும் கஷ்டமான வேலை. மூன்று எண்ணுவதற்குள் நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம். பிள்ளை தமிழில் பதில் சொன்னால், பேசுதலில் அதற்குப் புள்ளி இல்லை, கேட்டலில் உண்டு. கேள்வி விளங்கியிருக்கிறதல்லவா?

ஒரு வார்த்தையும் பேசாத பிள்ளைகள் எப்போதும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களுக்குப் பூச்சியம் போடாதீர்கள். ‘பார்க்கவில்லை’ என்று எழுதுங்கள். புதிய மொழியில் பேசுமுன் நெடுநாள் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உண்டு. நம் ஊரில் இன்னொன்றும் சேர்கிறது: பெரியவர் முன்னால் பேசாமல் நிற்பதை மரியாதை என்று பழக்கியிருக்கிறோம். அப்படிப்பட்ட பிள்ளையை இரண்டு வாரம் கழித்து ஒரு தோழியோடு சேர்த்துக் கூப்பிட்டுப் பாருங்கள்.

வாசித்தல். இந்தியாவில் 2005லிருந்து நடந்து வரும் ஏஸர் என்ற ஆய்வில், வீட்டு வாசலில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் ஒரு பிள்ளையின் வாசிப்பு நிலையைச் சொல்லிவிடுகிறார்கள். ஆங்கிலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் ஏணி: பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எளிய சொல், எளிய வாக்கியம். அதே ஏணியை ஓர் அட்டையில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் ஐந்து. நான்கு சரியென்றால் அடுத்த படி. மேலே ஒரு படி கூட்டி, நான்கு வரியில் ஒரு குட்டிக் கதையும் வையுங்கள்.

சொற்கள் பாடநூலில் உள்ளவையாக இருந்தால், பிள்ளை வாசிக்கிறதா, முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காண்பதுபோலச் சொல்லின் உருவத்தை நினைவு வைத்திருக்கிறதா என்று தெரியாது. ஆகவே இல்லாத சொல் மூன்றும் சேருங்கள். மிப், நுப், லெப் மாதிரி மூன்றெழுத்தில் நீங்களே கட்டியவை. ‘இது ஒரு நாய்க்குட்டியின் பெயர், வாசி பார்ப்போம்’ என்று கொடுங்கள். எழுத்தையும் ஒலியையும் சேர்க்கத் தெரிந்த பிள்ளை வாசித்துவிடும். என்னுடைய 71 புள்ளிப் பிள்ளை மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். அவளுக்கு 26 எழுத்தின் பெயரும் தெரியும். அந்த 26 எழுத்தும் சேர்ந்து ஏறக்குறைய 44 ஒலியைத் தருகின்றன என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. இதை விளங்கவைப்பது தமிழ்ப் பிள்ளைக்கு அவ்வளவு கடினமுமில்லை. கடல், பகல், தங்கம் என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே க மூன்று விதமாக ஒலிப்பது அவர்களுக்குத் தினமும் பழக்கம்.

எழுதுதல். படத்தின் கீழே எழுதிய தாள் இருக்கிறது. அதோடு வகுப்பு முழுவதற்கும் ஒரே நேரத்தில் ஐந்து சொல், இரண்டு வாக்கியம் சொல்வதெழுதல் வையுங்கள். வேலை முடிந்தது.

பிழைகளை எப்படி வாசிப்பது

எல்லாப் பிழைக்கும் ஒரே எடை இல்லை. சில பிழை நிலையைக் காட்டும், சில பிழை தமிழைக் காட்டும். பின்னதற்காகப் பிள்ளையைக் கீழே இறக்கக் கூடாது.

பன்றிக்கான ஆங்கிலச் சொல்லையும் ‘பெரிய’ என்பதற்கான சொல்லையும் தமிழில் எழுதுங்கள். இரண்டும் ‘பிக்’தான். நம் எழுத்தில் அந்த வேறுபாடு இல்லாததால் காதும் அதைத் தேடுவதில்லை. ‘இஸ்கூல்’ என்று இகரம் முன்னால் வருவதும் அதே கதை. ‘மை ஃபாதர் டிரைவர்’ என்று எழுதினால், ‘என் அப்பா டிரைவர்’ என்ற தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ‘டென் ட்ரீ’ என்பது ‘பத்து மரம்’. ‘டுடே மோர்னிங்’ என்பது ‘இன்றைக்குக் காலையில்’. இப்படி எழுதுகிற பிள்ளை ஆங்கிலத்தில் வாக்கியம் கட்டத் தொடங்கிவிட்டது. தனக்குத் தெரிந்த மூலைக்கல்லை வைத்துக் கட்டுகிறது. பிழையே இல்லாமல் மூன்று மனப்பாட வாக்கியம் எழுதிய பிள்ளையைவிட, எட்டுப் பிழையோடு மாட்டுக் கொட்டகையைப் பற்றி ஐந்து வரி எழுதிய பிள்ளையை நான் ஒரு படி மேலே வைப்பேன்.

எழுத்துகள் திரும்பி விழுவது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடாதது, சொல்வதெழுதலில் முதல் எழுத்து மட்டும் சரியாக வருவது ஆகியவை வேறு வகை. ஆறாம் தரத்தில் இவை இருந்தால் இரண்டாவது வேலைக்குத் திரும்பிப் போய்த் தமிழ்க் கொப்பியையும் எடுத்துப் பாருங்கள்.

நான்காவது வேலை: படியைக் குறிப்பது

நான் வைத்திருப்பது ஐந்து படி. பூச்சியம்: எழுத்துகள் முழுமையாகத் தெரியாது, சைகையோடு சொன்னால்தான் விளங்கும். ஒன்று: எழுத்து தெரியும், பழகிய சொல் தெரியும், பதில் ஒற்றைச் சொல். இரண்டு: புதிய மூன்றெழுத்துச் சொல்லையும் சின்ன வாக்கியத்தையும் வாசிக்கும், இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசும். மூன்று: பார்த்திராத நான்கு வரியை வாசித்து விளங்கிக்கொள்ளும், விளங்கும்படி ஐந்து வாக்கியம் எழுதும். நான்கு: பாடநூலின் புதிய பாடத்தைத் தானே வாசிக்கும், தன் விஷயத்தைக் கோவையாகச் சொல்லும், எழுதும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு எண் என்று போடாதீர்கள். கேட்டலுக்கு ஒன்று, பேசுதலுக்கு ஒன்று, வாசித்தலுக்கு ஒன்று, எழுதுதலுக்கு ஒன்று. என் 22 புள்ளிப் பையன் கேட்டலில் மூன்றாம் படி, பேசுதலில் இரண்டு, வாசித்தலிலும் எழுதுதலிலும் பூச்சியம். அந்த நான்கு எண்ணையும் பார்த்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 22 என்ற எண் அதைச் சொல்லவே இல்லை.

ஐரோப்பிய அவை 2001ல் வெளியிட்ட பொது அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலை உண்டு. உலகம் முழுக்க அதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். நம் ஆறாம் தரத்தில் முக்கால்வாசிப் பேர் அதன் முதல் நிலைக்கும் கீழே இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2018ல் அவர்களே ஏ1க்கு முந்திய நிலை என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதன் நல்ல பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். எல்லாம் ‘இவரால் இது முடியும்’ என்று எழுதப்பட்டிருக்கும், ‘இது தெரியாது’ என்று இருக்காது.

படி குறித்த பிறகு அதைச் சுவரில் ஒட்டாதீர்கள். ரோஜா குழு, தாமரைக் குழு என்று பெயர் வைத்தாலும் எது கெட்டிக்காரக் குழு என்று ஒரே நாளில் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். வாசிப்புக்கு ஒரு விதமாகவும் பேச்சுக்கு வேறு விதமாகவும் குழுவை மாற்றி மாற்றி அமைத்தால் முத்திரை ஒட்டாது.

ஆங்கில மொழிமூலத்துக்குத் தெரிவு செய்யும்போது

ஆறாம் தரத்திலிருந்து சில பாடங்களை ஆங்கிலத்தில் கற்கும் இருமொழி வகுப்புள்ள பாடசாலைகளில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பட்டணத்துப் பிள்ளை வாய்த் துடிப்பாக நான்கு வாக்கியம் பேசினால் உடனே பெயரை எழுதிவிடுவோம். கனடிய ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979லேயே பேச்சுமொழித் திறனையும் பாடமொழித் திறனையும் பிரித்துக் காட்டினார். சுற்றிலும் ஆங்கிலம் ஒலிக்கிற நாட்டிலேயே பேச்சு வர ஏறக்குறைய 2 வருடம், பாடத்தைப் படித்து எழுதுகிற மொழி வர 5 முதல் 7 வருடம் ஆகிறது என்பது அவருடைய கணக்கு. வாரம் 200 நிமிடக்காரர்களுக்கு எவ்வளவு என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஆகவே தெரிவுக்கு இரண்டு பொருளை மேசையில் வையுங்கள்: விஞ்ஞானப் பாடத்தில் ஒரு பந்தி ஆங்கிலத்தில், அதே அளவுக் கடினத்தில் இன்னொரு பந்தி தமிழில். தமிழ்ப் பந்தியை வாசித்துத் தன் சொந்தச் சொல்லில் விளக்குகிற பிள்ளை, ஆங்கிலத்தில் இப்போது தடுமாறினாலும் பிடித்துக்கொள்ளும். இரண்டிலும் தடுமாறுகிற பிள்ளையை, பெற்றோர் எவ்வளவு ஆசைப்பட்டாலும், அந்த வகுப்பில் போடுவது அதன் விஞ்ஞானத்தையும் சேர்த்துப் பறிப்பதாகும்.

அதன் பிறகு வருடம் முழுவதும்

மாதம் ஒரு தடவை, ஒரு நாளுக்கு நான்கு பிள்ளை வீதம், இரண்டு நிமிடம் வாசிக்கக் கேளுங்கள். பாடசாலை மட்டக் கணிப்பீட்டை (வகுப்பிலேயே ஆசிரியர் செய்யும் மதிப்பீட்டை) எப்படியும் செய்யத்தானே வேண்டும். அதை ஒப்படை எழுதி வாங்குவதோடு முடிக்காமல் கேட்டலுக்கும் பேச்சுக்கும் பயன்படுத்துங்கள். க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு இருப்பது எழுத்துத் தாள்கள். பரீட்சையில் இல்லாததை வகுப்பிலும் விட்டுவிடுவது நம் எல்லோருக்கும் வந்த வியாதி.

தவணைப் பரீட்சைத் தாள் வெளியிலிருந்து வந்தாலும், புள்ளியை உங்கள் குறிப்பில் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். படித்த பாடத்திலிருந்து வந்த கேள்விக்கு எவ்வளவு, பார்த்திராத பந்திக்கு எவ்வளவு? 35 எடுத்தால் எஸ் சித்தி, 50 எடுத்தால் சி, 65க்கு பி, 75க்கு ஏ என்பது பரீட்சையின் கணக்கு. முழு 35ம் பார்த்து எழுதுதலிலும் கோடிட்ட இடத்திலும் வந்ததா என்பது உங்கள் கணக்கு. தீபாவளிக்கு முந்திய வாரத்திலும், கோயில் திருவிழா நடக்கிற நாட்களிலும் எதையும் அளக்க வேண்டாம். பாதிப் பேர் வரமாட்டார்கள், வந்தவர்கள் மனமும் வராது.

மூன்றாம் தவணையின் முடிவில் முதல் வாரத்து அதே ஏணியை மறுபடி வையுங்கள். சொற்களை மாற்றுங்கள், ஏணியை மாற்றாதீர்கள்.

பெற்றோரிடம் பேசும்போது படி எண்ணைச் சொல்லாதீர்கள். ‘உங்க மகள் புதுசா ஒரு சின்னக் கதை கொடுத்தா இப்ப வாசிக்கிறா அம்மா. எழுதத்தான் இன்னும் பழகணும். ராத்திரி பத்து நிமிஷம் அவ வாசிக்கிறதைக் கேட்டுக்கிட்டு இருங்க, உங்களுக்கு விளங்காட்டியும் பரவாயில்ல’ என்று சொல்லிப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்ததும் அடுத்த கூட்டத்துக்கும் வருவார்.

கடைசியாக, அட்டைகள். பிள்ளைக்கு ஒன்றாக, பழைய கலண்டர் மட்டையை வெட்டியே செய்யலாம். வீட்டு விவரம், தமிழ் வாசிப்பு, கண், காது, நான்கு படி, திகதி. ஏழாம் தரத்து ஆசிரியரிடம் கையில் கொடுத்து ஐந்து நிமிடம் பேசுங்கள். நம் பக்கத்துப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் வருவதும் போவதும் உங்களுக்குத் தெரியாததல்ல. இடமாற்றக் கடிதம் வந்த அவசரத்தில் அட்டைகளை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியோடு பஸ் ஏறிவிடாதீர்கள். நான் ஒரு தடவை அப்படிச் செய்தேன். எனக்குப் பிறகு வந்தவர் 38 பேரையும் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருந்தது.